என் கையெழுத்தில் பதினான்கு கடிதங்கள்

எங்கள் காலனியில் யாரும் எங்கேயும் தனியாகப் போக மாட்டார்கள். ஒருத்திக்கு வருமானச் சான்றிதழ் வேண்டுமென்றால் தாலுகா ஆபீசுக்கு ஆறு பேர் கிளம்புவோம். ஒருவருக்கு ஊசி போட வேண்டுமென்றால் ஷேர் ஆட்டோ நிறைய ஆள் இருக்கும். வழியில் பார்க்கிறவர்கள், "இன்னா, கல்யாணத்துக்கா போறீங்கோ?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு, பதில் சொன்னதும் காகிதத்தைக் கையில் வாங்காமல் மேசைமேல் வைக்கச் சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆறு பேராகப் போய் நின்றால் கையில் வாங்குவார்கள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பட்டுப் பட்டு வந்த பழக்கம்.

இந்தப் பழக்கத்தை நம்பித்தான் நான் ஒரு காரியத்தில் இறங்கினேன். அதில் எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடம் பூட்டிப்போனது. ஒருத்தி என்னை நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டாள் என்று ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. பாதியை மட்டும் சொன்னேன், அவ்வளவுதான்.

உத்திரமேரூர் பேரூராட்சி. ரெக்கார்டில் நாங்கள் டவுன்காரர்கள். மார்க்கெட்டைத் தாண்டி, மழைநீர்க் கால்வாய் என்று பெயர் வைத்த சாக்கடையை ஒட்டி எங்கள் காலனி இருக்கிறது. இந்த ஊரைக் கூட்டிப் பெருக்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் தெரு. மற்றவர்கள் மூட்டை தூக்குவார்கள், கட்டட வேலைக்குப் போவார்கள், நடவு அறுப்பு என்று கூப்பிட்டால் பக்கத்து ஊர்க் கழனிக்கும் போவார்கள். வெளியூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் கோயில் கல்வெட்டைப் பார்த்துவிட்டு, குடத்தில் ஓலை போட்டுத் தேர்தல் நடத்திய ஊராச்சே என்று வாயைப் பிளப்பார்கள். அந்தக் குடத்தில் எங்கள் ஆட்கள் பெயர் எழுதிய ஓலை ஒன்றாவது இருந்திருக்குமா என்று நான் நினைத்துக்கொள்வேன். வாய்விட்டுக் கேட்டதில்லை.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். தகுதித் தேர்வும் பாஸ். ஆர்டர்தான் வரவில்லை. பகலில் ஜாக்கெட் தைப்பேன். சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் சமுதாயக் கூடத்தைத் திறந்து, பாய் விரித்து, தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வேன். மூட்டை தூக்கியே என்னைப் படிக்க வைத்த நைனா, "எம் பொண்ணு டீச்சரு" என்று சொல்லாத ஆள் கிடையாது. அரசாங்கம் ஆர்டர் கொடுக்காத பதவியை நைனா கொடுத்துவிட்டார். காலனியே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது.

வகுப்புக்கு நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டின் சுண்டல் முறை. சுண்டல் அவித்து எடுத்துவரும் அம்மா அன்றைக்கு வகுப்பு முடியும்வரை பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளை வாசிக்கிறதைத் தன் காதால் கேட்க வேண்டும். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு முறை வராத நாளிலும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு. அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

அடுத்த வீட்டுக்காரி என் தோழி, என் வயதுதான். பத்தாவது வரை ஒன்றாகப் படித்தோம். அதற்குமேல் அவளைப் படிக்க விடவில்லை. இப்போது பேரூராட்சியில் தூய்மைப் பணி. காலை ஐந்து மணிக்கு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனால் பகல் ஒரு மணிக்குத்தான் திரும்புவாள். புருஷன் எப்போதோ போய்விட்டான். ஒரே பெண். அந்தப் பெண் ஆறு வயதுவரை வெளியாட்கள் முன்னால் வாய் திறந்ததில்லை. ஊமை என்றே சிலபேர் முடிவு கட்டிவிட்டார்கள். தெருமுனைப் பள்ளியில் இரண்டாவது படிக்கும்போது ஒருநாள் திடீரென்று ரேஷன் கடை போர்டை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். அவள் அம்மா நடுரோட்டில் நின்று அழுதாள். அதன்பிறகு அந்தக் குட்டி ஒரு போர்டை விடமாட்டாள். பல் டாக்டர், உரக்கடை, இறப்புச் சுவரொட்டி, எல்லாவற்றையும் படித்துக்கொண்டே நடப்பாள்.

அவளைப் பேச வைத்தது நான் என்று நினைக்க எனக்கு ஆசைதான். ஆனால் அது பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் செய்த வேலை. இரண்டே அறை, இரண்டு ஆசிரியர், பதினான்கு பிள்ளைகள். தலைமையாசிரியையான பெரிய டீச்சர் தினமும் காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பதினோரு வருஷத்தில் ஒருநாள் தாமதம் கிடையாது. ஆனால் காலனிக்கு அவர்மேல் ஒரு மனக்குறை இருந்தது. தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்து எடுத்து வருவார். எங்கள் தண்ணீரை ஒரு வாய் குடித்ததில்லை. பொங்கலன்று கொடுத்தனுப்பும் பொங்கலை, "குழந்தைங்களுக்குக் குடுத்துடும்மா" என்பார். அது ஜாதியா, வயிற்றுக் கோளாறா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. எங்கள் ஊரில் ஒருத்தரை எடை போட எங்களுக்கு இருந்த ஒரே தராசு அதுதான்: நம்ம வூட்டுத் தண்ணியைக் குடிக்கிறாரா இல்லையா.

அந்தத் தராசில்தான் நாங்கள் கவிழ்ந்தோம்.

சென்னையிலிருந்து ஒரு டிரஸ்ட்டின் மேடம் வந்தார். கைத்தறிப் புடவை, நரைத்த முடி, பெரிய பொட்டு. வகுப்பைப் பற்றி யாரோ சொன்னார்களாம். நாற்காலி போட்டோம், வேண்டாம் என்று பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். அன்றைக்கு என் தோழியின் சுண்டல் முறை. பேப்பரில் வைத்துக் கொடுத்ததை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு விக்கல் எடுத்தது. தோழி தயங்கித் தயங்கி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மேடம் அண்ணாந்துகூடக் குடிக்கவில்லை. வாய் வைத்தே குடித்தார். கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும் அதைப் பார்த்தோம். அன்றிரவுக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது.

"மேடம்னு கூப்பிடாதம்மா. அக்கான்னு சொல்லு" என்றார் என்னிடம். சொன்னேன். வாய் நிறையச் சொன்னேன்.

அக்கா மாதம் இரண்டு முறை வந்தார். கரும்பலகை வந்தது, புத்தகங்கள் வந்தன, மின்விசிறி வந்தது. வரும்போதெல்லாம் போட்டோ எடுப்பார். "நீதாம்மா இந்த ஊரோட நம்பிக்கை" என்று என் தோளில் கை போடுவார். என் தோளில் அப்படிக் கை போட்ட வெளியாள் அவர்தான் முதல். சிரிக்காதீர்கள், நான் அந்தப் புடவையை நான்கு நாள் துவைக்காமல் வைத்திருந்தேன்.

ஒரு வருஷம் கழித்து விஷயத்துக்கு வந்தார். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி டிரஸ்ட் ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறது. ஆங்கில வழி. எங்கள் பிள்ளைகள் எல்லோரையும் அதில் சேர்த்துக்கொள்வார்கள். பத்தாவது வரை எல்லாம் இலவசம், வீட்டு வாசலுக்கு வேன் வரும். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டு, ஒரு மண்குடத்தை நடுவில் வைத்தார். "உங்க ஊர் வழக்கம்தானே, ஆளுக்கொரு சீட்டு எழுதிப் போடுங்க" என்றார். கூட வந்த பையன் கேமராவைத் தூக்கினான்.

என் தோழி குடத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். "எங்களுக்கு எதுக்குக்கா சீட்டு? போனா எல்லாரும் போவோம். இல்லாங்காட்டி ஒருத்தரும் போவ மாட்டோம். அவ்ளோதான்."

கூட்டம் தலையாட்டியது. அக்கா என்னைப் பார்த்தார். கூட்டம் முடிந்ததும் காருக்குப் பக்கத்தில் தனியாகக் கூப்பிட்டார். "நம்ம ஸ்கூல்லயே டீச்சரா வந்துடும்மா. உன்னை மாதிரி ஒருத்திதான் எனக்கு வேணும். ஆனா குழந்தைங்க மொத்தமா வந்தாதான் நான் மேல பேச முடியும். ரெண்டு பேர், மூணு பேர்னு வந்தா கஷ்டம்."

இந்தப் பேச்சை நான் யாரிடமும் சொல்லவில்லை. நைனாவிடம்கூட.

மறுநாளே வீடு வீடாக ஏறி இறங்கினேன். மற்ற வீடுகளில் சிரமமில்லை. என் தோழிதான் இடக்குப் பண்ணினாள்.

"ஏன்டி, ஸ்கூலு தெருமொனைல கீது. மணி அடிச்சா ஓடிப் போயி ஒக்காந்துக்குது. நான் அஞ்சு மணிக்கே கெளம்பிடறேன். காலைல நாஷ்டா அங்கியே சுடச்சுடக் குடுக்கறாங்கோ. அந்த ஸ்கூலுக்குப் போனா எம் பொண்ணுக்கு யாரு நாஷ்டா குடுப்பா?"

"வயித்த மட்டும் பாத்துக்கினு இருந்தா எப்பிடிடி? இங்கிலீஷ்ல படிக்கப் போவுது. நீயும் நானும் நின்ன எடத்துலயே அதும் நிக்கணுமா?"

"இப்பத்தான் வாய் தொறந்து பேசிக்கினு கீது. பெரிய டீச்சர் கிட்ட நல்லா ஒட்டிக்கினு கீது. பயமா கீதுடி."

"ஒன் வூட்டுத் தண்ணிய ஒருநாள் குடிச்சிருப்பாங்களா அந்த டீச்சரு? அக்கா குடிச்சாங்களே, நீதானே குடுத்த?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ சொல்றியேன்னுதான்" என்றாள். அந்த வார்த்தை இப்போதும் என் காதில் விழுகிறது.

டி.சி. கேட்டுப் பெற்றோர் எழுதித் தர வேண்டும். எங்கள் தெருவில் கடிதம் எழுதுவது யார்? நான்தான். சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் பதினான்கு கடிதம் எழுதினேன். 'எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி' என்று நானே ஒரு வரி சேர்த்தேன். கேட்பதற்குக் கம்பீரமாக இருந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள், மற்றவர்கள் பெருவிரல் வைத்தார்கள். பிறகு வழக்கம்போல எல்லோரும் கூட்டமாகப் பள்ளிக்குப் போனோம்.

பெரிய டீச்சர் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் வெளுத்தது. என்னை மட்டும் வராந்தா ஓரத்துக்குக் கூப்பிட்டார்.

"ஒரு அஞ்சு பேரை மட்டும் விட்டுட்டுப் போம்மா. அஞ்சு பேர் இருந்தா நான் எழுதிப் போட்டு எப்படியாவது ஸ்கூலைக் காப்பாத்திடுவேன். ஒருத்தருமே இல்லைன்னா பூட்டிடுவாங்க. நாளைக்கு அந்த ஸ்கூல் ஒத்துவரலைன்னா திரும்பி வர உங்களுக்கு ஒரு இடம் வேணாமா?"

எவ்வளவு சரியான கேள்வி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டீச்சர், பதினோரு வருஷத்துல எங்க தண்ணிய ஒரு வாட்டியாச்சும் குடிச்சிருக்கீங்களா?"

அவர் மேசைமேல் இருந்த தன் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே போய்ப் பதினான்கு டி.சி.யிலும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். எனக்கு அப்போது ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. தூ.

ஜூன் மாதமே பள்ளியைப் பூட்டிவிட்டார்கள். வேனுக்காக நின்ற காலையில் ஒரு ஆள் வந்து பள்ளிக்கூட கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். என் தோழியின் மகள் டிரஸ்ட் கொடுத்த புதுச் சீருடையில், பூட்டின கேட்டுக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். போனை எடுத்து அப்படியே ஒரு போட்டோ பிடித்தேன். மேலே பள்ளியின் பெயர்ப் பலகை, கீழே அவள். 'மனசு கஷ்டமா இருக்குக்கா' என்று எழுதி அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு இதயப் படம் பதிலாக வந்தது. ஆறுதல் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி என் வேலையைச் சொல்கிறேன். டீச்சர் வேலை என்றுதானே சொன்னார். முதல் நாள் 'வேன் உதவியாளர்' என்று எழுதின ஒரு அட்டையை என் கழுத்தில் மாட்டினார்கள். வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, சாப்பிட வைத்து, கழிப்பறைக்குக் கூட்டிப் போகிற வேலை. அக்காவுக்குப் போன் போட்டால், "முதல்ல உள்ள வந்துடும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். உள்ளே வந்தேன். ஒரு வருஷம் அங்கேயே நின்றேன். வேன் எங்கள் தெருவுக்குள் நுழையும் முன்பு அந்த அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வேன். காலனி நான் டீச்சர் என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும். நைனாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பிள்ளைகளை மற்ற பிள்ளைகளோடு உட்கார வைக்கவில்லை. இங்கிலீஷ் பிடிபடும் வரைக்கும் என்று சொல்லிப் பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு அறையில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எல்லாவற்றையும் சேர்த்து உட்கார வைத்தார்கள். பாயும் கரும்பலகையும்கூட எங்கள் சமுதாயக் கூடத்திலிருந்து எடுத்துப் போனவைதான். வெளியிலிருந்து பார்க்க யாராவது வந்தால் மட்டும் பெரிய வகுப்புக்குக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார்த்துவார்கள். போட்டோ முடிந்ததும் மறுபடி தகரக் கூரை. நான்தான் கூட்டிப்போவேன், நான்தான் திரும்பக் கூட்டி வருவேன். என் தோழியின் மகள் தீபாவளிக்குள் பேச்சை நிறுத்திவிட்டாள். வேன் ஜன்னல் ஓரம் உட்காருவாள். எத்தனையோ போர்டு போகும், ஒன்றையும் படிக்க மாட்டாள். காலையில் பெரும்பாலும் பட்டினியாக ஏறுவாள். என் டப்பாவிலிருந்து இரண்டு இட்லி கொடுத்தால் சாப்பிடுவாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அடுத்த வருஷம் டீச்சர் ஆக்கிவிடுவார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டு இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுதான் உண்மை.

அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. மே மாதம் ஒருநாள் வேன் டிரைவர் காலனிக்கு வந்தார். அவர் எங்கள் பக்கத்து ஆள்தான், நல்ல மனுஷன். "டீச்சர், ஜூன்லேர்ந்து வண்டி வராதாம். பிள்ளைங்கள நீங்களே கொண்டாந்து வுடறதுன்னா வுடலாமாம்" என்றார். காலனியிலிருந்து அந்தப் பள்ளிக்கு ஒரு மணி நேரப் பயணம். யார் கொண்டுபோய் விடுவது?

அக்காவுக்குப் போன் போட்டேன். ஆறாவது தடவை எடுத்தார்.

"என்னம்மா பண்றது, இப்ப எங்க கவனம் வேற மாவட்டத்துக்குப் போயிடுச்சு. இது கமிட்டி முடிவு. நீ ஒண்ணும் கவலைப்படாதே, உங்க சமூகத்துக்கு நல்ல ஒற்றுமை இருக்கு. நீங்களே ஒரு வழி கண்டுபிடிச்சிடுவீங்க."

"அக்கா, எங்க ஸ்கூலை மூடிட்டாங்கக்கா. பத்தாவது வரிக்கும்னு சொன்னீங்களே."

"மீட்டிங்ல இருக்கேன்மா. அப்புறம் பேசறேன்."

அப்புறம் பேசவில்லை. அப்படியொரு வசவு என் வாயிலிருந்து வரும் என்று எனக்கே தெரியாது. தெருக் குழாயடியில் நின்று கத்தினேன். அக்காவாம் அக்கா! எங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு எங்கள் பிள்ளைகள் தலையில் மண்ணை வாரிப் போட்டவள். பெண்கள் எல்லோரும் என்னோடு சேர்ந்து திட்டினார்கள். என் தோழி மட்டும் குடத்தை நிரப்பிக்கொண்டு பேசாமல் போனாள்.

ஒரு வாரம் கழித்து டிரைவர் எங்கள் பாய்களையும் கரும்பலகையையும் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். அதோடு ஒரு கட்டுப் புத்தகம். டிரஸ்ட் அச்சடித்த ஆண்டு மலர், வழவழ காகிதம். பிள்ளைகள் ஓடிவந்து ஆளுக்கொன்று பிடுங்கிக்கொண்டார்கள். எங்கள் போட்டோ இருக்கும் என்று ஒரே கூச்சல். என் தோழியின் மகள் ஒரு பக்கத்தைப் புரட்டி அப்படியே நின்றாள். அவள் படம்தான். நான் எடுத்த படம். பூட்டின கேட், சங்கிலி, அவள் முகம். மேலே இருந்த பெயர்ப் பலகையை மட்டும் வெட்டியிருந்தார்கள்.

ஆறேழு மாதமாகப் போர்டு படிக்காதவள் அன்றைக்கு வாய் திறந்து படித்தாள். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, எங்கள் எல்லோர் முன்னாலும் படித்தாள். "பள்ளிக்கூடமே இல்லாத இடத்தில் பிறந்த இக்குழந்தைக்கு நாம் ஒரு பள்ளியைக் கொடுத்தோம்."

படித்து முடித்துவிட்டு அவள் அம்மாவைப் பார்த்தாள். "எம்மா, இது நம்ம ஸ்கூலுதானே? போர்டு எங்கம்மா?"

என் தோழி அந்தப் பக்கத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "இந்தப் படம் யாரு புடிச்சது?" என்றாள். அவளுக்குத் தெரியும். அன்றைக்கு வேனுக்காக அங்கே நின்ற பெண்களில் யாராவது சொல்லியிருப்பார்கள். "நான்தான்டி" என்றேன். "நான் அதுக்காவ அனுப்பலடி." அவள் மலரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மற்ற பிள்ளைகள் அந்தக் குட்டியை அன்றிலிருந்து 'ஸ்கூலே இல்லாத பொண்ணு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் விளையாட்டுக்குத்தான் சொன்னார்கள். அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள்.

ஜூனில் எல்லோருமாகக் கல்வி அலுவலகத்துக்குக் கிளம்பினோம். பதினேழு பேர். தோழி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். பள்ளியைத் திறக்கச் சொல்லி மனு, அதுவும் என் கையெழுத்துதான். அதிகாரி வயசானவர், கோபக்காரர் இல்லை. மனுவைக் கையில் வாங்கினார், படித்தார். பிறகு ஒரு ஃபைலை எடுத்துவரச் சொன்னார்.

"பூட்டினது நாங்க இல்லம்மா. நீங்கதான் வேணாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இதோ பாருங்க." கடிதங்களை மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார். பதினான்கும் இருந்தன. பிறகு இன்றைய மனுவை எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்தார். ஒரே கையெழுத்து. ஒரே சுழி. குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

"சொந்த விருப்பம், வற்புறுத்தல் இல்லைன்னு போட்டிருக்கு. எல்லாம் ஒரே ஆள் எழுதினது. யாரும்மா எழுதினது? யாராவது உங்களை ஏமாத்தி எழுதி வாங்கிட்டாங்களா? அப்படின்னா சொல்லுங்க, அதையும் போட்டு மேல அனுப்பறேன். அது ஒண்ணுதான் வழி."

ஆமாம் என்று ஒரு வார்த்தை யாராவது சொன்னால் போதும். பள்ளி திறக்க ஒரு வழி பிறக்கும். என் பெயர் கெடும், அவ்வளவுதானே. நானே சொல்லியிருக்க வேண்டும். மேசைமேல் கிடந்த என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் தோழி முன்னால் வந்தாள். "யாரும் ஏமாத்தல சார். எங்களுக்கு மனுல்லாம் எழுத வராது. நாங்கதான் டீச்சரை எழுதச் சொன்னோம்."

மற்றவர்களும், "ஆமா சார், நாங்கதான்" என்றார்கள். வழக்கம்போல எல்லோரும் ஒன்றாக. அதிகாரி பெருமூச்சு விட்டு ஃபைலை மூடினார். எழுதிப் பார்க்கிறேன், நம்பிக்கை வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அதுவரை பிள்ளைகளைப் பெரிய ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் நடுநிலைப் பள்ளியில் சேர்க்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். தோழி என் கையைப் பிடித்துப் புங்க மரத்தடிக்கு இழுத்துப் போனாள்.

"உள்ள ஒருத்தன் முன்னாடி ஒன்ன வுட்டுக் குடுக்க மாட்டேன். இங்க கேக்கறேன், சொல்லு. டீச்சர் வேலை தர்றேன்னுதானே அந்தம்மா சொல்லிச்சு? அதுக்கோசரம்தானே எங்க எல்லாரையும் கூட்டிக்கினு போன?"

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"எம் பொண்ணு மொத மாசமே சொல்லிட்ச்சு. நீ வேன்ல ஏத்தி எறக்கற வேலை பண்றன்னு. தெருவாண்ட வந்தா அட்டையக் கயட்டிடறன்னு. அசிங்கப்படுவியேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. நீ சொல்லுவன்னு ஒரு வருசம் பாத்துக்கினு இருந்தேன்."

"ஆமா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அயாத. நான் நம்புனது அந்தம்மாவ இல்ல. ஒன்னத்தான் நம்புனேன்." முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், என் முகத்தை இல்லை. "அந்த ஸ்கூலு ரோட்டுக்கு அந்தாண்ட கீது. நாள் பூரா ஜல்லி லாரி ஓடுது. நான் அஞ்சு மணிக்கே போயிடுவேன். தெனம் காலைல எட்டு மணிக்கு நீ கூட்டிக்கினு போ. எல்லாரையும். ஒருநாள் தப்புனாலும் அவ்ளோதான்."

அதிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்குப் பதினான்கு பிள்ளைகளை வரிசை கட்டி நடத்திக்கொண்டு போகிறேன். போகும் வழியில் பூட்டின பள்ளியைத் தாண்ட வேண்டும். உள்ளே இப்போது யாரோ பழைய இரும்பு போட்டு வைத்திருக்கிறார்கள். பெரிய ரோட்டில் கையைத் தூக்கி லாரிகளை நிறுத்துவேன். என் தோழியின் மகள் வரிசையில் கடைசியாக வருவாள். என் கையைப் பிடிக்க மாட்டாள், வேறொரு பிள்ளையின் பையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டுவாள்.

அந்தப் பள்ளி வாசலில் யார் நிற்கிறார் என்கிறீர்கள்? பெரிய டீச்சர். எங்கள் பள்ளியைப் பூட்டியதும் அவரை அங்கே போட்டுவிட்டார்களாம். முதல் நாள் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து அந்தக் குட்டியின் கையைப் பிடித்து, "வா, உப்புமா ஆறிடும்" என்றார். உள்ளே அவர் மேசைமேல் அதே பாட்டில் இருந்தது.

"டீச்சர், அன்னிக்கு நான் அப்பிடிக் கேட்டது..." என்று ஆரம்பித்தேன்.

"பெல் அடிச்சாச்சும்மா. நீ கிளம்பு" என்றார்.

போன வாரம் ரோட்டோரம் லாரி போகட்டும் என்று பிள்ளைகளோடு காத்துக்கொண்டு நின்றபோது போன் சத்தம் கொடுத்தது. அக்காவிடமிருந்து. ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து. 'தினமும் குழந்தைங்களை நீயே ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறியாமே, கேள்விப்பட்டேன். சூப்பர்மா! நடந்து போற மாதிரி ஒரு நல்ல போட்டோ எடுத்து அனுப்பு.' கீழே அதே இதயம்.

அந்தச் செய்தியைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் என் கையில் போன் பிள்ளைகளைப் பார்த்தபடி இருந்திருக்கிறது. நிமிர்ந்தபோது என் தோழியின் மகள் புத்தகப்பையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக என்னோடு பேசாதவள் பைக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"டீச்சர், என்னியப் புடிக்காத."

"புடிக்கல கண்ணு. நட" என்றேன். போனைப் பைக்குள் போட்டேன். அவள் பையை இறக்கவில்லை. லாரி போனதும், முகத்தை மறைத்தபடியே ரோட்டைத் தாண்டினாள்.